கல்லில் பெயர் ஏறும் வரை: ஜான் கிப்ளிங்கும் காணாமல் போன அதிகாரியைத் தேடும் முறையும்

ஜான் கிப்ளிங் இறந்தபோது அவருக்குப் பதினெட்டு வயது முடிந்து ஆறு வாரம்கூட நிறையவில்லை. 1915 செப்டம்பர் 27 அன்று, முதல் உலகப் போரின்போது வடக்கு பிரான்சில் நடந்த லூஸ் போரில், பிரிட்டிஷ் படையின் ஐரிஷ் கார்ட்ஸ் படைப்பிரிவின் இரண்டாம் பட்டாலியனோடு முன்னேறிப் போனவர் திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. அவருடைய தந்தை ருட்யார்ட் கிப்ளிங், பம்பாயில் பிறந்து நோபல் பரிசு வரை போன எழுத்தாளர். கண்பார்வை மோசம் என்று படை திருப்பி அனுப்பிய மகனுக்கு, தனக்குப் பழக்கமான பீல்டு மார்ஷல் லார்ட் ராபர்ட்ஸிடம் சொல்லி அதிகாரிப் பதவி வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். 1936 ஜனவரியில் கண்ணை மூடும் வரை மகன் எந்த மண்ணில் கிடக்கிறான் என்று அவருக்குத் தெரியாது.

1992ல்தான் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம், என் (Haisnes) என்ற பிரெஞ்சு ஊருக்குப் பக்கத்திலுள்ள செயின்ட் மேரிஸ் ஏ.டி.எஸ். (முன்னணிச் சிகிச்சை நிலையம்) கல்லறைத் தோட்டத்தில், ஏழாம் பகுதி, டி வரிசை, இரண்டாம் எண்ணில் இருந்த பெயரில்லாத கல்லறை ஜானுடையது என்று முடிவு செய்து கல்லை மாற்றியது. அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் விவாதம் ஓயவில்லை. 2016ல் வெளியான ஓர் ஆய்வு ஆவணங்களை வரிவரியாகப் பார்த்து, ஆணையத்தின் முடிவு சரியே என்று வாதிட்டது.

பெரிய இடத்துப் பிள்ளை என்பதற்காக இந்தச் சம்பவத்தை எடுக்கவில்லை. போரில் காணாமல் போன ஓர் இளம் அதிகாரியின் தடத்தைத் தேடப் போகிறவர்களுக்கு, எங்கெங்கே பிசகும், ஏன் பிசகும் என்று இவ்வளவு துலக்கமாகக் காட்டும் வழக்கு குறைவு. செல்வமும் செல்வாக்கும் இருந்த குடும்பத்துக்கே இந்தப் பாடு என்றால், மற்றவர்கள் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. சரியாகத் தேடுவதும் அஞ்சலிதான் என்று நம்புகிறவன் நான். மாலை போடுவது ஒரு நாள் வேலை. பெயரும் தேதியும் இடமும் பிழையில்லாமல் நிற்கச் செய்வதுதான் நின்று செய்ய வேண்டிய வேலை.

முதலில் உடல் ஏன் அடையாளம் தெரியாமல் போகிறது என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். 1914 ஆகஸ்டிலிருந்து பிரிட்டிஷ் படையினருக்குக் கொடுத்தது நாரட்டையில் செய்த ஒரே ஒரு சிவப்பு அடையாள வில்லை. ஒருவர் இறந்தால், சாவைப் பதிவு செய்ய அந்த வில்லையைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். பிறகு உடலில் பெயர் சொல்ல எதுவும் இருக்காது. மேலே மரச் சிலுவை நட்டிருந்தாலும் அடுத்த குண்டுவீச்சில் அது பறந்துவிடும். இந்தக் குறை தெரிந்துதான் 1916 செப்டம்பரில் இரண்டு வில்லை முறை வந்தது: சிவப்பு வட்டம் எடுத்துப் போக, பச்சை எண்கோணம் உடலோடு இருக்க. லூஸ் போர் நடந்தது அதற்கு ஓராண்டு முன்பு. ஜானின் விஷயத்தில் இன்னொன்றும் சேர்ந்தது. சாவுக்குச் சில நாள் முன்பு வீட்டுக்கு எழுதிய கடிதத்தில், தன்னுடைய வில்லையைத் தொலைத்துவிட்டதாகவும் புதிதாக ஒன்று செய்து அனுப்பும்படியும் கேட்டிருந்தார். ஆகவே 1914, 15, 16ல் இறந்தவரைத் தேடுகிறவர்கள் வில்லையை நம்பிப் பயனில்லை. உடுப்பு, பொத்தான், சின்னம், நட்சத்திரம், கிடந்த இடம் ஆகியவைதான் துணை.

போர் முடிந்ததும் 1919 தொடங்கித் தேடும் குழுக்கள் களமெங்கும் நடந்தன. ஒரு குழுவுக்கு 32 பேர். கையில் இரண்டு ஜோடி ரப்பர் கையுறை, இரண்டு மண்வாரி, இடத்தைக் குறிக்க முளைகள், எச்சங்களைப் பொதிய கித்தான், கயிறு, தூக்குப்படுக்கை, கிருமிநாசினியாகக் கிரெசால், முள்கம்பி வெட்டும் கருவி. எங்கே தோண்டுவது என்று கண்டுபிடிக்க ஒரு கண்பழக்கம் வேண்டும். மண்ணில் குத்தி நிற்கும் துப்பாக்கி அல்லது முளை ஒரு குறி. புல் சுற்றியுள்ளதைவிட அகன்ற இலையோடு நீலம் கலந்த கரும்பச்சையாக இருந்தால் ஒரு குறி. பள்ளத்து நீர் பச்சைக் கருப்பாகவோ சாம்பலாகவோ தெரிந்தால் ஒரு குறி. எலி வளையின் வாயில் சிறு எலும்போ தோல்வார்த் துண்டோ கிடந்தாலும் அப்படித்தான். எடுத்த பிறகு கழுத்து, மணிக்கட்டு, பைகள், கால்சட்டைத் தோள்வார் எல்லாவற்றையும் துழாவுவார்கள். பூட்ஸின் உட்புறத்தில் எண் குத்தியிருக்கலாம். காலில் சுற்றும் பட்டியில் செருகிய கரண்டியில் எண் இருக்கலாம்.

அதிகாரி என்றால் உடுப்பைத் தையல்காரரிடம் அளவு கொடுத்துத் தைத்திருப்பார், துணியே வேறு. கார்ட்ஸ் படைப்பிரிவுகளில் மேலங்கிப் பொத்தான்கூடப் பேசும். கிரெனடியர் என்றால் ஒற்றை ஒற்றையாக, கோல்ட்ஸ்ட்ரீம் இரண்டிரண்டாக, ஸ்காட்ஸ் மும்மூன்றாக, ஐரிஷ் நான்கு நான்காக, வெல்ஷ் ஐந்தைந்தாக வைத்துத் தைப்பது வழக்கம். ஐரிஷ் பொத்தானில் யாழும் மேலே கிரீடமும் இருக்கும். 1919ல் கிடைத்து, அந்தப் பெயரில்லாத கல்லறையில் புதைத்த உடலை ‘ஐரிஷ் கார்ட்ஸ் லெப்டினன்ட் ஒருவர்’ என்று எழுத முடிந்தது இந்த மாதிரித் தடயங்களால்தான். பெயருக்கு வழியில்லை.

இப்போது ஆணையம் 1992ல் போட்ட கணக்கைப் பாருங்கள். லூஸ் களத்தில் உடல் கிடைக்காமல் போன ஐரிஷ் கார்ட்ஸ் அதிகாரிகளின் பட்டியலை எடுத்து, லெப்டினன்ட் என்ற பதவிக்குப் பொருந்தாதவர்களை ஒவ்வொருவராக நீக்கினால் மிஞ்சுவது ஜான் ஒருவர்தான். கழித்துக் கழித்து ஒருவரிடம் வந்து நிற்கும் இந்த முறைதான் இன்றுவரை பெரும்பாலான வழக்குகளில் பயன்படுவது. இதன் பலம் பட்டியலின் முழுமையில் இருக்கிறது. ஒரு பெயர் விட்டுப்போனாலும் கணக்கு கவிழ்ந்துவிடும். வேறு பட்டாலியனிலிருந்து தற்காலிகமாக வந்து சேர்ந்தவரை மறப்பது இதில் அடிக்கடி நேரும் தவறு.

எதிர்ப்பு இரண்டு பக்கத்திலிருந்து வந்தது. ஒன்று பதவி. ஜான் சாகும்போது செகண்ட் லெப்டினன்ட், தோளில் ஒரே நட்சத்திரம். கிடைத்த உடல் லெப்டினன்ட்டுடையது, ஆகவே அது அவராக இருக்க முடியாது என்றார்கள். ஆனால் பதவி அறிவிப்புகள் அச்சாகும் அரசிதழான லண்டன் கெசட்டைப் புரட்டினால் இன்னொன்று தெரிகிறது. அவருடைய பதவி உயர்வு 1915 நவம்பரில்தான் அச்சானது, ஆனால் ஜூன் 7 முதல் செல்லும் என்று முன்தேதி போட்டிருந்தது. கெசட்டில் வரும் முன்பே பட்டாலியனில் செய்தி தெரிந்து நட்சத்திரத்தைச் சூடிக்கொள்வது நடக்கக்கூடியதே. இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது: ஒருவரின் பதவிக்கு எப்போதும் மூன்று தேதிகளைத் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். அறிவிப்பு அச்சான தேதி, பதவி செல்லுபடியாகும் தேதி, படையில் அவர் அந்தப் பதவியில் நடந்துகொண்டதாகத் தெரியும் தேதி. மூன்றும் ஒன்றாக இருப்பது அபூர்வம். தற்காலிகப் பதவி, பொறுப்புப் பதவி என்று வேறு உண்டு. ஒரு கேப்டன் என்று குடும்பம் சொல்லும், கல்லில் லெப்டினன்ட் என்று இருக்கும். இரண்டுமே சரியாக இருக்கலாம்.

இரண்டாவது எதிர்ப்பு இடம். இதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, ஏனென்றால் மொத்த விவகாரமும் ஒரே ஓர் எழுத்தில் தொங்கியது. உடல் எடுக்கப்பட்ட இடம் பதிவேட்டில் ‘ஜி.25.சி.6.8’ என்று இருந்தது. ஐரிஷ் கார்ட்ஸ் தாக்கியது சாக் பிட் வுட் என்ற சுண்ணாம்புக்கல் குழிக் காட்டுப் பக்கம். அது எச்.25.

அகழிப்போர் வரைபடத்தைப் படிக்கத் தெரியாமல் இந்த வேலையில் இறங்கவே கூடாது என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். முதலில் தாள் எண் வேண்டும். லூஸ் பகுதிக்கு 36சி. எழுத்துகள் ஒவ்வொரு தாளிலும் திரும்பத் திரும்ப வரும், அதனால் தாள் எண் இல்லாத குறியீட்டுக்குப் பொருளே இல்லை. தாளில் ஒவ்வொரு பெரிய எழுத்துக் கட்டமும் 6,000 கஜம் அகலம். அதற்குள் 1,000 கஜம் சதுரங்கள், இடமிருந்து வலமாக வரிசைக்கு ஆறு என்று எண் போட்டிருக்கும். ஆக 25 என்பது ஐந்தாம் வரிசையின் முதல் சதுரம். அந்தச் சதுரத்தை நான்காக வெட்டினால் மேலே இடது ஏ, மேலே வலது பி, கீழே இடது சி, கீழே வலது டி. ஒவ்வொன்றும் 500 கஜம். கடைசி இரண்டு எண்களில் முதலாவது கிழக்கு நோக்கி, இரண்டாவது வடக்கு நோக்கி. ஒவ்வொரு அலகும் 50 கஜம். 6.8 என்றால் இடது ஓரத்திலிருந்து 300 கஜம் கிழக்கே, கீழ் ஓரத்திலிருந்து 400 கஜம் வடக்கே. வரிசையைத் தலைகீழாகப் படித்தால் நூறு இருநூறு கஜம் தள்ளிப் போய்விடுவீர்கள். அது வேறொரு பட்டாலியனின் களமாக இருக்கும்.

இங்கே ஜி என்பதும் எச் என்பதும் அடுத்தடுத்த கட்டங்கள். எண்ணும் சிறிய எழுத்தும் அப்படியே இருக்க, பெரிய எழுத்து மட்டும் மாறினால் இடம் சரியாக 6,000 கஜம், அதாவது ஏறக்குறைய ஐந்தரைக் கிலோமீட்டர், மேற்கே நகர்கிறது. ஜி.25 என்பது பிரிட்டிஷ் படைகளின் பின்புலம். தாக்குதலில் காணாமல் போனவர் அங்கே புதைந்து கிடக்க நியாயமில்லை. எழுத்தர் ஒருவர் எச் என்று எழுத வேண்டியதை ஜி என்று எழுதிவிட்டார் என்று எடுத்துக்கொண்டால், ஐரிஷ் கார்ட்ஸ் போரிட்ட அதே இடம் வந்து நிற்கிறது. 2016 ஆய்வின் மையம் இதுதான். இப்படிப் பிழை என்று சொல்லிவிடுவது சுலபம், நிரூபிப்பது கடினம். அதே நாளில் அதே குழு எடுத்த மற்ற உடல்களின் குறியீடுகளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு குழு ஒரே நாளில் ஐந்து கிலோமீட்டர் தாவித் தாவி வேலை செய்யாது. பட்டியலில் முன்னும் பின்னும் உள்ள வரிகள்தான் நடுவிலுள்ள வரியைத் திருத்த உரிமை தருகின்றன.

இந்தப் பட்டியல்கள் ஆணையத்தின் இணையதளத்திலேயே, ஒவ்வொரு பெயரின் பக்கத்திலும் கீழே ஸ்கேன் செய்து வைக்கப்பட்டுள்ளன. இலவசம்தான். களத்தில் எடுத்த உடல்களைக் கல்லறைத் தோட்டத்துக்கு மாற்றியபோது எழுதிய கல்லறை மாற்றப் பட்டியலில் வரைபடக் குறியீடு, சிலுவை இருந்ததா, எதனால் அடையாளம் கண்டார்கள் என்ற மூன்று பத்திகளை முதலில் படியுங்கள். தேடும்போது எல்லாக் கட்டங்களையும் நிரப்பாதீர்கள். குடும்பப் பெயர், முதலெழுத்து, எந்தப் போர், இவை போதும். எழுத்துக்கூட்டல் மாறியிருக்கும், கூடுதலாகக் கொடுத்தால் கூடுதலாகத் தவறும்.

அடுத்தது லண்டனின் கியூ பகுதியில் உள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகம். வாசகர் அட்டை எடுத்தால் மூல ஆவணங்களை இலவசமாகப் பார்க்கலாம். முதல் உலகப் போர் அதிகாரிகளின் தனிக் கோப்புகள் டபிள்யூ.ஓ. 339, டபிள்யூ.ஓ. 374 என்ற இரண்டு வரிசைகளில் உள்ளன (டபிள்யூ.ஓ. என்பது அன்றைய போர் அலுவலகம்). பட்டாலியன் நாட்குறிப்புகள் டபிள்யூ.ஓ. 95. பதக்க அட்டைகள் டபிள்யூ.ஓ. 372. 1940 செப்டம்பர் குண்டுவீச்சில் சிப்பாய்களின் பணிப்பதிவுகள் பெரும்பகுதி எரிந்தன. அதிகாரிகளின் முதன்மைக் கோப்பும் அதில் போனது. தப்பியது கடிதப் போக்குவரத்துக் கோப்பு. அதைக் குறைவாக எடைபோட வேண்டாம். வீட்டுக்குப் போன தந்தியின் நகல், உடைமைப் பட்டியல், உயில், சம்பள பாக்கியைத் தீர்க்கக் குடும்பம் எழுதிய கடிதங்கள், சாட்சியங்கள் எல்லாம் அதில்தான் இருக்கும். இந்தியப் படையின் அதிகாரிகளுக்கு இங்கே தேடிப் பயனில்லை. பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் எல்/மில்/14, எல்/மில்/9 வரிசைகளைப் பார்க்க வேண்டும்.

பட்டாலியன் நாட்குறிப்பில் அதிகாரிகளின் பெயர் இருக்கும், சிப்பாய்கள் எண்ணிக்கையாக மட்டும் இருப்பார்கள். அதிகாரியைத் தேடுவது சற்றே எளிது என்பதற்கு இந்த அநீதியும் ஒரு காரணம். நாட்குறிப்பை எழுதியவரே அன்று காயம்பட்டிருந்தால், வேறொருவர் பல நாள் கழித்து நினைவிலிருந்து எழுதியிருப்பார். பக்கத்துப் பட்டாலியனின் நாட்குறிப்பையும் சேர்த்துப் படியுங்கள். லூஸில் சாக் பிட் வுட்டைப் பிடித்த ஐரிஷ் கார்ட்ஸில் ஒரு பகுதியினர், ஸ்காட்ஸ் கார்ட்ஸோடு சேர்ந்து புய் 14 பிஸ் என்ற சுரங்க முகப்பை நோக்கி ஓடினார்கள். ஜானைக் கடைசியாகப் பார்த்தது அந்தப் பக்கம். ஒரு நாட்குறிப்பு மட்டும் படித்தால் இந்த நகர்வு பிடிபடாது.

சாட்சியங்களைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அக்டோபர் தொடக்கத்தில் ‘காணவில்லை’ என்று தந்தி வந்ததும் கிப்ளிங் தம்பதியர் மருத்துவமனை மருத்துவமனையாகப் போய், காயம்பட்டுக் கிடந்த ஐரிஷ் கார்ட்ஸ் வீரர்களை விசாரித்தார்கள். ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொன்னார்கள். துயரத்தில் இருக்கும் தாய்தந்தையிடம் எந்தச் சிப்பாயும் முழுதாகப் பேசிவிட மாட்டான். வலியில்லாமல் போனார் என்றுதான் சொல்வான். அப்படிப்பட்ட ஆறுதல் கடிதங்கள் எந்தக் குடும்பத்தின் பெட்டியிலும் இருக்கும். அவற்றை அன்பின் சாட்சியாக வையுங்கள், சாவின் சாட்சியாக எடுக்காதீர்கள். எந்த வாக்குமூலத்திலும் மூன்றைப் பிரித்துப் பாருங்கள்: தானே கண்டதா கேட்டதா; எந்த இடத்தில், எத்தனை மணிக்கு; அந்த அதிகாரியை அவருக்கு முன்பே தெரியுமா. ஜான் மூக்குக்கண்ணாடி போட்டவர் என்பதால் அவரை வேறொருவரோடு குழப்பும் வாய்ப்பு சற்றுக் குறைவு. இப்படி ஒரு தனி அடையாளம் இருந்தால் அதை எல்லாச் சாட்சியங்களிலும் தேடுங்கள்.

கல்லுக்கு வருவோம். ஆணையத்தின் கல் 813 மில்லிமீட்டர் உயரம், 381 அகலம், 76 கனம். ஜெனரலுக்கும் அதுதான், சிப்பாய்க்கும் அதுதான். எந்த உடலையும் ஊருக்குக் கொண்டுபோகக் கூடாது, பணக்காரர் பெரிய கல் வைக்கக் கூடாது என்பது 1917ல் தொடங்கிய ஆணையம் எடுத்த உறுதி. மேலிருந்து படைப்பிரிவுச் சின்னம், எண், பதவி, பெயர், படைப்பிரிவு, இறந்த தேதி, வயது, மதச் சின்னம், அடியில் குடும்பத்தின் வாசகம். முதல் உலகப் போரில் அதிகாரிகளுக்கு எண் கிடையாது, கல்லில் எண் இல்லாவிட்டால் அது விடுபட்டதாக நினைக்க வேண்டாம். குடும்ப வாசகத்துக்கு வரம்பு இடைவெளியும் சேர்த்து 66 எழுத்து. முதலில் எழுத்துக்கு மூன்றரை பென்னி கேட்டார்கள், பிறகு விரும்பினால் கொடுக்கலாம் என்று தளர்த்தினார்கள். நியூசிலாந்து, தன் வீரர்களிடையே வேறுபாடு வேண்டாம் என்று வாசகத்தையே அனுமதிக்கவில்லை. பெயர் தெரியாதவர்களின் கல்லில் ‘கடவுள் அறிவார்’ என்ற பொருளில் வரும் வாசகத்தைத் தேர்ந்தவர் ஆணையத்தின் இலக்கிய ஆலோசகராக இருந்த ருட்யார்ட் கிப்ளிங். தான் தேர்ந்த அந்தச் சொற்களின் கீழேதான் தன் மகன் கிடந்தான் என்பது அவருக்குத் தெரியாமலே போயிற்று.

வீட்டில் இருப்பதைக் காக்கிறவர்களுக்கும் சில சொல்ல வேண்டும். இறந்தவரின் குடும்பத்துக்குக் கொடுத்த வெண்கல நினைவுத் தகடு 120 மில்லிமீட்டர் குறுக்களவு. அதில் பதவி இருக்காது, எல்லோரும் சமம் என்பதால் பெயர் மட்டும்தான். அது யாருடையது என்று தகட்டைக்கொண்டு மட்டும் முடிவு செய்தால், அதே பெயருள்ள இன்னொருவருடையதாக இருந்துவிடும். பதக்கங்களில் பெயர் விளிம்பில் பொறித்திருக்கும், 1914 நட்சத்திரம், 1914-15 நட்சத்திரம் இரண்டிலும் மட்டும் பின்பக்கம். பளபளவென்று தேய்க்கத் தேய்க்க அந்த எழுத்துதான் முதலில் அழியும். பித்தளை பாலிஷ் கிட்டவே வேண்டாம், மென்மையான உலர்ந்த துணி போதும். அதிகாரிகளின் குடும்பங்கள் பதக்கத்துக்கு விண்ணப்பிக்க வேண்டியிருந்தது, சிப்பாய்களுக்குத் தானாக வந்தது. ஆகவே ஓர் அதிகாரி வீட்டில் பதக்கம் இல்லையென்றால் விற்றுவிட்டார்கள் என்று பழி சொல்லும் முன் பதக்க அட்டையைப் பாருங்கள். விண்ணப்பிக்காமலே விட்டிருக்கலாம். கடிதங்களை லேமினேட் செய்யாதீர்கள், செலோடேப் ஒட்டாதீர்கள். இரண்டும் திரும்பச் சரிசெய்ய முடியாத சேதம். அமிலமில்லாத தாளில் மடிப்பைப் பிரித்து வைத்து, 600 டிபிஐயில் ஸ்கேன் எடுங்கள். உறையையும் எடுக்க மறக்காதீர்கள், அஞ்சல் முத்திரைத் தேதி அதில்தான். படத்தின் பின்னால் பெயர் எழுத வேண்டுமென்றால் மென்மையான பென்சிலால், ஓரமாக.

சென்னையில் இருப்பவர்கள் இந்தக் கற்களைப் படித்துப் பழகப் பிரான்சுக்குப் போக வேண்டாம். நந்தம்பாக்கத்தில் உள்ள மெட்ராஸ் போர்க் கல்லறைத் தோட்டம் 1952ல் அமைந்தது. இரண்டாம் உலகப் போரில் இறந்த எண்ணூற்றைம்பதுக்கும் மேற்பட்டவர்கள் அங்கே இருக்கிறார்கள், அவர்களில் இளம் அதிகாரிகளும் உண்டு. அங்கேயே உள்ள 1914-1918 நினைவுச் சின்னத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்கள். இதில் பலர் தடுமாறுவார்கள்: நினைவுச் சின்னத்தில் பெயர் இருந்தால் உடல் கிடைக்கவில்லை என்று பொருள் என்று. லூஸ் நினைவுச் சின்னத்திலுள்ள இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்களுக்கு அது பொருந்தும். நந்தம்பாக்கத்துக்குப் பொருந்தாது. அங்குள்ளவர்கள் இந்தியாவின் பல ஊர்களில் பராமரிக்க முடியாமல் போன கல்லறைகளில் புதைக்கப்பட்டவர்கள். கல் தேய்ந்திருந்தால் சாக்பீஸ், மாவு, கம்பிப் பிரஷ் எதுவும் வேண்டாம். பக்கவாட்டில் வெளிச்சம் விழும் நேரத்தில் போங்கள், அல்லது கண்ணாடியால் வெயிலைச் சாய்த்து அடியுங்கள், எழுத்து தானே எழும்பும்.

பெயரில்லாத கல்லுக்குப் பெயர் தர ஆதாரம் சேர்ந்துவிட்டதாக நினைத்தால் ஆணையத்துக்கு எழுதலாம். அவர்கள் பரிசீலித்து, பிரிட்டிஷ் படை என்றால் தேசியப் படை அருங்காட்சியகத்துக்கும் பாதுகாப்பு அமைச்சகத்தின் பிரிவுக்கும் அனுப்புவார்கள். ‘இருக்கலாம்’ என்பது அங்கே எடுபடாது, தெளிவான நம்பத்தகுந்த ஆதாரம் வேண்டும். அனுப்பும் அறிக்கையில் உங்கள் முடிவுக்கு எதிரான ஆவணத்தை நீங்களே முதலில் வையுங்கள். நீக்கிய ஒவ்வொரு பெயருக்கும் நீக்கிய காரணத்தை ஆவண எண்ணோடு எழுதுங்கள். வரைபடத்தின் நகலில் குறியீட்டைக் குத்திக் காட்டுங்கள். பதில் வர மாதங்கள் அல்ல, ஆண்டுகள் ஆகும். ஏற்கப்பட்டால் புதிய கல் வரும், உறவினரை அழைத்து மறுஅர்ப்பணிப்பு நடக்கும். காணாமல் போனவர்களின் நினைவுச் சுவரிலிருந்து பெயர் உடனே போகாது, அந்தப் பலகையை மாற்றும்போதுதான் நீக்குவார்கள். அதுவரை இரண்டு இடத்திலும் பெயர் இருப்பதைப் பிழை என்று யாரும் எழுதி அனுப்ப வேண்டியதில்லை.